லீனுஸ் முதல் தமியான் வரை: உரோமையில் ஏழு நாள்

நாள் 1, திங்கள்

பீடச்சிறுவனாக இருந்த காலத்தில் முதல் நற்கருணை மன்றாட்டு என்றாலே எனக்கு ஆகாது. பூசையின் நடுவில் சாமியார் சொல்லும் நீண்ட செபம் அது, நான்கில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். காரணம் முழங்கால். மற்ற மன்றாட்டுகள் சட்டென்று முடிந்துவிடும். இதில் மட்டும் ஒரு பெயர்ப் பட்டியல் வரும். அன்னை மரியா, சூசையப்பர், திருத்தூதர்கள் எல்லாரும் முடிந்ததும், "லீனுஸ், கிளீட்டஸ், கிளமெண்ட், சிக்ஸ்துஸ், கொர்னேலியுஸ், சிப்ரியான், லாரன்ஸ், கிரிசோகோனுஸ், யோவான், பவுல், கோஸ்மாஸ், தமியான்..." சாமியார் மூச்சுவிடாமல் படிப்பார். நான் கையில் மணியோடு தமியானுக்காகக் காத்திருப்பேன். தமியான் வந்துவிட்டால் பட்டியல் முடிந்தது.

இப்போது அந்தப் பட்டியலைக் கேட்பதே அரிது. பெரும்பாலான சாமியார்கள் இரண்டாம் மன்றாட்டோடு முடித்துக்கொள்கிறார்கள். முதலாவதை எடுத்தாலும் நடுவில் உள்ள பெயர்களை விட்டுவிடலாம் என்று பூசைப் புத்தகமே அடைப்புக்குறி போட்டு அனுமதி கொடுக்கிறது. காணாமல்போன பிறகுதான் யார் இவர்கள் என்ற கேள்வி வந்தது. பாதிப் பேருக்கு மேல் உரோமையில்தான் கோயில் இருக்கிறது என்று தெரிந்ததும் டிக்கெட் போட்டுவிட்டேன்.

இங்கே எனக்குத் துணை அக்கா. பெரியம்மா மகள், கன்னியாஸ்திரி. முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸ் வேலை. இந்த வாரம் இரவுப் பணி என்பதால் பகலில் தூக்கக் கலக்கத்தோடு என்னோடு சுற்றுகிறார்.

முதலில் கிளமெண்ட், முதல் நூற்றாண்டுத் திருத்தந்தை. கொலோசியத்திலிருந்து நடக்கிற தூரம்தான். தெருவிலிருந்து நுழைந்தால் 12ஆம் நூற்றாண்டுக் கோயில். பீடத்துக்கு மேலே மொசைக்கில் சிலுவை, சிலுவையின் மீது 12 வெள்ளைப் புறாக்கள், அடியில் தண்ணீர் குடிக்கும் மான்கள், பின்னணி முழுக்கச் சுருண்டு சுருண்டு படரும் கொடி. அங்கேயே அரை மணி நேரம் போய்விட்டது. அப்புறம் சீட்டு வாங்கிக்கொண்டு படியிறங்கினால் அடியில் இன்னொரு கோயில், அது 4ஆம் நூற்றாண்டு. அதற்கும் கீழே இறங்கினால் முதல் நூற்றாண்டு உரோமைக் கட்டடச் சுவர்கள், அதற்குள் மித்ரா என்ற தெய்வத்துக்கு வழிபாடு நடந்த குகை போன்ற அறை. சுவருக்குப் பின்னால் எங்கேயோ தண்ணீர் ஓடும் சத்தம். படம் எடுக்க அனுமதி இல்லை, காதால் மட்டும் எடுத்துக்கொண்டு வந்தேன்.

1100 வாக்கில் பழைய கோயிலை மண்ணும் இடிபாடும் போட்டு நிரப்பிவிட்டு, அதையே அடித்தளமாக வைத்து மேலே புதிதாகக் கட்டியிருக்கிறார்கள். பிறகு சுத்தமாக மறந்துபோனார்கள். மேலே இருப்பதுதான் ஆதிக் கோயில் என்று எழுநூறு வருடத்துக்கு மேல் எல்லாரும் நம்பியிருக்கிறார்கள். 1857இல் ஜோசப் முல்லூலி என்ற அயர்லாந்து தொமினிக்கன் சாமியார் தோண்ட ஆரம்பித்த பிறகுதான் உண்மை தெரிந்தது. பாரம்பரியம் என்றால் தொடக்கம் முதல் எல்லாம் ஞாபகத்தில் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு இது கொஞ்சம் அதிர்ச்சிதான்.

ஆனால் நிரப்புவதற்கு முன்னால் ஒரு வேலை செய்திருக்கிறார்கள். பாடகர் குழு நிற்கும் பளிங்குத் தடுப்பு பழைய கோயிலில் இருந்தது, 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. அதன் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மேலே கொண்டுவந்து மாட்டியிருக்கிறார்கள். இன்றைக்கும் அங்கேதான் நிற்கிறது. பலகை ஒன்றில் எழுத்துகளைப் பின்னி ஒரு வட்டத்துக்குள் செதுக்கியிருக்கிறது. யோவான் என்ற பெயராம் அது, திருத்தந்தை இரண்டாம் யோவான். அவர் இதே கோயிலில் சாமியாராக இருந்தவர். இயற்பெயர் மெர்குரியுஸ். உரோமையர்களின் ஒரு தெய்வத்தின் பெயரை வைத்துக்கொண்டு எப்படித் திருத்தந்தையாக இருப்பது என்று 533இல் பெயரை மாற்றிக்கொண்டார். திருத்தந்தைகள் பெயர் மாற்றும் வழக்கம் அவரிடமிருந்து தொடங்குகிறது. மித்ராவின் அறைக்கு நேர் மேலே கட்டிய கோயிலில் பூசை வைத்த மெர்குரியுஸ்! அந்தப் பின்னல் எழுத்தின் மேல் விரலை வைத்துப் பார்க்க ஆசையாக இருந்தது. அக்கா முறைத்தார், வைக்கவில்லை.

கீழ்க் கோயில் சுவரோவியம் ஒன்றில் இத்தாலிய மொழியின் மிகப் பழைய எழுத்துகளில் சில இருக்கின்றன. என்ன எழுதியிருக்கிறது என்று அக்காவிடம் கேட்டேன். "கெட்ட வார்த்தை, வா" என்றார்.

நாள் 2, செவ்வாய்

கிளமெண்ட் எழுதிய கடிதத்தை நேற்று ராத்திரி அறையில் மறுபடி வாசித்தேன். முதல் நூற்றாண்டின் கடைசியில், பொதுவாக 96 வாக்கில் என்பார்கள், கொரிந்து சபைக்குப் போன கடிதம். அங்கே சிலர் மூப்பர்களைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள், அந்தப் பஞ்சாயத்து. உரோமையில் பரதேசியாய்த் தங்கியிருக்கும் திருச்சபை, கொரிந்தில் பரதேசியாய்த் தங்கியிருக்கும் திருச்சபைக்கு எழுதுவது என்றுதான் ஆரம்பிக்கிறது. நடுவில் ஓரிடத்தில், திருத்தூதர்கள் தாங்கள் நியமித்தவர்கள் இறந்துபோனால் தகுதியான வேறு ஆட்கள் அந்தப் பணியை ஏற்க வேண்டும் என்று ஏற்பாடு செய்துவிட்டுப் போனதாகச் சொல்கிறார். கை மாற்றிக் கை மாற்றித் தருவதைப் பற்றி இவ்வளவு பழைய கடிதம் இவ்வளவு சாதாரணமாகப் பேசுகிறது.

இன்று பட்டியலின் கடைசிக்குப் போனோம். கோஸ்மாஸ், தமியான். இருவரும் மருத்துவர்கள், வைத்தியத்துக்குக் காசு வாங்காதவர்கள் என்று பெயர். உரோமைப் பழைய மன்றத்தின் (ஃபோரம்) ஓரத்தில் இருந்த அரசுக் கூடம் ஒன்றை 6ஆம் நூற்றாண்டில் திருத்தந்தை நான்காம் பெலிக்ஸ் இவர்களுக்குக் கோயிலாக்கினார்.

உள்ளே போனதும் ஒரு விசித்திரம். மொசைக் ரொம்பப் பக்கத்தில் இருக்கிறது. மற்ற கோயில்களில் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்க வேண்டும், இங்கே இயேசு கிட்டத்தட்ட எதிரே இறங்கி வருகிறார். 17ஆம் நூற்றாண்டில் ஈரத்துக்குப் பயந்து தரையைப் பல மீட்டர் உயர்த்தியதில் மொசைக் கீழே வந்ததுபோல் ஆகிவிட்டது. கருநீல வானத்தில் சிவப்பும் ஆரஞ்சுமாக மேகங்கள், அவற்றின் மேல் படியில் நடப்பதுபோல அவர் வருகிறார். இரண்டு பக்கமும் பேதுருவும் பவுலும் ஆளுக்கொரு மருத்துவரின் தோளில் கைபோட்டு முன்னால் தள்ளிக்கொண்டு நிற்கிறார்கள். மருத்துவர்கள் இருவர் முகத்திலும் கொஞ்சம் மிரட்சி. பெரிய இடத்துக்கு முதல் தடவை வந்த மாதிரி.

அக்கா அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "நைட் டூட்டி முடிச்ச மூஞ்சி தம்பி இது. எனக்குத் தெரியும்."

நாள் 3, புதன்

கலிஸ்துஸ் சுரங்கக் கல்லறைக்கு 118ஆம் எண் பேருந்தில் போய் இறங்கினோம். பூட்டியிருக்கிறது. புதன்கிழமை விடுமுறை. பார்த்துவிட்டு வந்திருக்க வேண்டியது நான். அக்கா தூக்கத்தை விட்டுவிட்டு வந்திருந்தார், எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

திரும்பும் பேருந்துக்காக ஆப்பியா சாலையோரம் உட்கார்ந்து, மன்றாட்டின் இரண்டாம் பட்டியலை எடுத்தோம். எழுந்தேற்றத்துக்கு, அதாவது சாமியார் அப்பத்தையும் கிண்ணத்தையும் உயர்த்திக் காட்டுவதற்கு, பிறகு வருவது. அதில் பெலிசித்தா, பெர்பேத்துவா, ஆகத்தா, லூசியா, ஆக்னெஸ், செசிலியா, அனஸ்தாசியா என்று ஏழு பெண்கள். பெர்பேத்துவாவுக்கு இருபத்திரண்டு வயது, பால்குடிக்கும் குழந்தை இருந்தது. பெலிசித்தா அடிமைப் பெண், சிறையிலேயே பிரசவம். 203இல் கார்த்தேஜில் இருவரையும் சேர்த்துக் கொன்றார்கள்.

"பூசையில தினமும் ஒரு அடிமைப் பொண்ணு பேரைச் சொல்லித்தான் கேட்டுக்கிட்டு இருந்திருக்கோம்" என்றார் அக்கா. "எனக்கே இன்னிக்குத்தான் உறைக்குது."

எல்லாரும் புனிதராக அழைக்கப்பட்டவர்கள் என்பது இரண்டாம் வத்திக்கான் சங்கம் கண்டுபிடித்த புது விஷயம் என்று பேசுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். பாராட்டாகவும் சொல்கிறார்கள், புகாராகவும் சொல்கிறார்கள். 1964 நவம்பர் 21 அன்று அந்தச் சங்கம் வெளியிட்ட 'லூமென் ஜென்சியும்' ஏட்டின் ஐந்தாம் அதிகாரம் முழுக்க இதைப் பற்றியதுதான். எந்த நிலையில் இருப்பவரானாலும் சரி, கிறிஸ்தவ வாழ்வின் நிறைவுக்கும் அன்பின் முழுமைக்கும் எல்லா விசுவாசிகளும் அழைக்கப்பட்டிருக்கிறார்கள் என்கிறது. ஆனால் இந்தப் பட்டியலில் கைக்குழந்தைக்காரியும் அடிமையும் காசு வாங்காத டாக்டரும் 6ஆம் நூற்றாண்டுக்குள்ளேயே ஏறிவிட்டார்கள். நடுவில் புண்ணியம் என்றால் மடத்துச் சுவருக்குள்தான் என்று நாம் ஒதுக்கிவைத்துக்கொண்டது வேறு கதை. கிளமெண்ட் கோயிலில் கீழ்த்தளத்தை மறந்த மாதிரி.

பேருந்து வந்தது. அக்கா ஏறியதும் தூங்கிவிட்டார்.

நாள் 4, வியாழன்

இன்று திறந்திருந்தது. சுரங்கப் பாதைகள் மொத்தம் 20 கிலோமீட்டர் அளவுக்கு ஓடுகின்றன. நமக்குக் காட்டுவது அதில் ஒரு துணுக்குதான். உள்ளே குளிர், ஈரமண் வாசம், இரு பக்கமும் அலமாரித் தட்டுகள்போல வெட்டிய கல்லறைக் குழிகள். பல குழிகள் ரொம்பச் சின்னவை. குழந்தைகளுக்கானவை என்று வழிகாட்டி சொன்னதும் கூட்டத்தில் பேச்சு நின்றுவிட்டது.

3ஆம் நூற்றாண்டின் திருத்தந்தையர் ஒன்பது பேர் புதைக்கப்பட்ட அறை இங்கேதான். 1854இல் தெ ரோஸ்ஸி என்ற ஆய்வாளர் கண்டுபிடித்தது. பட்டியலில் வரும் சிக்ஸ்துஸ் 258 ஆகஸ்ட் 6 அன்று தம்முடைய திருத்தொண்டர்களோடு பிடிபட்டுக் கொல்லப்பட்டார். நான்கு நாள் கழித்து அவருடைய திருத்தொண்டர் லாரன்ஸ். பட்டியலிலும் இருவருக்கும் நடுவில் அதிக தூரமில்லை, கொர்னேலியுஸும் சிப்ரியானும் மட்டும்தான்.

அதிலும் ஒரு சேதி இருக்கிறது. திருத்தந்தை கொர்னேலியுஸ் இறந்தது 253, சிக்ஸ்துஸுக்கு முன்னால். வரிசைப்படி பார்த்தால் அவர் பெயர் முதலில் வர வேண்டும். கார்த்தேஜ் ஆயர் சிப்ரியானும் அவரும் கஷ்ட காலத்தில் ஒருவருக்கொருவர் கடிதம் எழுதித் துணை நின்றவர்கள். இரண்டு பெயரும் பக்கத்தில் பக்கத்தில் வரட்டும் என்றுதான் வரிசையைக் கலைத்தார்கள் என்று சொல்வதுண்டு. திருநாளும் இருவருக்கும் ஒன்றே, செப்டம்பர் 16.

திருத்தந்தையர் அறையில் 4ஆம் நூற்றாண்டுத் திருத்தந்தை தமாசுஸ் வைத்த கல்வெட்டு இருக்கிறது. இங்கே யார் யார் கிடக்கிறார்கள் என்று செய்யுளில் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை: நானும் இங்கேயே அடங்கத்தான் விரும்பினேன், ஆனால் புனிதர்களின் சாம்பலைத் தொந்தரவு செய்யப் பயந்தேன். இடம் கேட்கக் கூச்சப்பட்ட திருத்தந்தை! சொன்னபடியே வேறிடத்தில்தான் அவரை அடக்கம் செய்தார்கள்.

நாள் 5, வெள்ளி

திராஸ்தேவெரே பகுதி. செசிலியா கோயில். பீடத்துக்கு அடியில் ஸ்தேபனோ மதெர்னோ 1600இல் செதுக்கிய வெண்பளிங்குச் சிலை. 1599இல் கல்லறையைத் திறந்தபோது உடல் எப்படிக் கிடந்ததோ அப்படியே செதுக்கியதாகத் தரையில் பதித்த கல் சொல்கிறது. பக்கவாட்டில் படுத்திருக்கிறாள். முகம் தெரியாது, அந்தப் பக்கம் திரும்பித் துணியில் மறைந்திருக்கிறது. தெரிவது கழுத்தில் ஒரு மெல்லிய வெட்டுக்கோடும் கைகளும்தான். ஒரு கையில் மூன்று விரல் நீட்டியிருக்கிறது, இன்னொன்றில் ஒரு விரல். மூன்று ஆள், ஒரே கடவுள். பேச முடியாதபோது விரலால் விசுவாச அறிக்கை சொன்னாள் என்பது மரபு. செசிலியாவின் வரலாற்றுக் கதை பின்னாளில் எழுதப்பட்டது, அதில் எவ்வளவு நடந்தது என்று ஆய்வாளர்கள் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். ஆடட்டும். அந்த விரல்களுக்கு முன்னால் எனக்கு வாதம் எதுவும் வரவில்லை.

அங்கிருந்து கிரிசோகோனுஸ். உண்மையைச் சொன்னால் இந்தப் பெயரைத்தான் சின்ன வயதில் ஒருநாளும் சரியாகச் சொன்னதில்லை. போனது அவரைத் தேடி. ஆனால் காலை நிறுத்தியது வேறு ஒருவர். பக்கப் பீடம் ஒன்றில் கண்ணாடிப் பேழைக்குள் ஒரு வயதான பெண், திரித்துவ சபையின் உடையில். அன்னா மரியா தைஜி, 1769இல் பிறந்து 1837இல் இறந்தவர். வேலைக்காரர் ஒருவரின் மனைவி. ஏழு பிள்ளைகள், சிலர் சிறுவயதிலேயே போய்விட்டார்கள். வீட்டில் வறுமை. கணவர் தொமெனிக்கோ ஒரு பிரபுவின் மாளிகையில் வேலை பார்த்தவர், நல்ல மனிதர்தான், ஆனால் முன்கோபி. 1920இல் முக்திப்பேறு பெற்றவராக, அதாவது புனிதர் பட்டத்துக்கு முந்தைய படியில், இவரை அறிவித்தார்கள்.

இதில் எனக்குப் பிடித்தது விசாரணைதான். அன்னா மரியா போன பிறகும் கணவர் உயிரோடு இருந்தார். முக்திப்பேறுக்கான விசாரணையில் தொண்ணூறு வயது தாண்டிய அந்தக் கிழவரே வந்து சாட்சி சொன்னார். ஒரு பெண்ணின் புனிதத்துக்குக் கட்டின புருஷன் சாட்சி! தூர நின்று பார்த்த பக்தர் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். தினமும் சாப்பாட்டு மேசையில் கத்திக்கொண்டிருந்த ஆள் சொன்னால் அது வேறு. இதை அக்காவிடம் சொன்னேன். "எங்க மடத்துல என்னைப் பத்தி யாரும் சாட்சி சொல்லிடக்கூடாதுப்பா" என்று சிலுவை வரைந்துகொண்டார்.

கிரிசோகோனுஸைக் கேட்டால், கீழே பழைய கோயில் ஒன்று இருக்கிறது, பார்த்தேன். அவ்வளவுதான்.

நாள் 6, சனி

காலையில் ஆக்னெஸ். நொமெந்தானா சாலையில் இருக்கிறாள். அவள் கோயிலுக்குள் நீளமான படிக்கட்டில் கீழே இறங்கித்தான் போக வேண்டும். இரு பக்கச் சுவரிலும் உடைந்த கல்லறை எழுத்துகளைப் பதித்திருக்கிறார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பெண். மொசைக்கில் மகாராணி மாதிரி உடுத்தி நிற்கிறாள், காலடியில் வாளும் தீயும். இடப் பக்கமும் வலப் பக்கமும் இரண்டு திருத்தந்தையர், மெய்க்காவலர் மாதிரி. சனவரி 21 அவள் திருநாளில் இரண்டு ஆட்டுக்குட்டிகளை ஆசீர்வதிப்பார்கள், பேராயர்கள் தோளில் போடும் பாலியம் என்ற பட்டைக்குக் கம்பளி அதிலிருந்து வருகிறது.

மதியம் யோவான், பவுல். இவர்கள் திருத்தூதர்கள் இல்லை, உரோமையில் தங்கள் வீட்டிலேயே கொல்லப்பட்டதாக மரபு சொல்லும் இரண்டு பேர். செலியோ குன்றின் மேல் கோயில், அடியில் உரோமைக் காலத்து வீடுகள். ஏறிப் போனால் வாசலில் பூ அலங்காரம், கார், கோட்டு சூட்டு போட்ட ஆட்கள். கல்யாணம். பிடித்தமான கல்யாணக் கோயிலாம் இது. உள்ளே போக வழியில்லை. கொஞ்ச நேரம் நின்று பொண்ணு மாப்பிள்ளை வெளியே வருகிறார்களா என்று பார்த்தோம். அக்காவுக்குப் பணிக்கு நேரமானதால் கிளம்பிவிட்டோம். லாரன்ஸ் கோயிலும் நடக்கவில்லை.

நாள் 7, ஞாயிறு

கடைசி நாள். புனித பேதுரு பேராலயம், பாதுகாப்புச் சோதனை வரிசையிலேயே ஒரு மணி நேரம். இந்தச் சதுக்கத்தில்தான் 2022 மே 15 அன்று தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்தார்கள். சாமியாரும் இல்லை, துறவியும் இல்லை, மனைவியோடு வாழ்ந்த திருவிதாங்கூர் அரண்மனை அலுவலர்.

உள்ளே நான் பார்க்க வந்தது ஒன்றே ஒன்று, சூசையப்பர் பீடம். இடது பக்கக் கிளையில் இருக்கிறது. அதன் அடியில் திருத்தூதர்கள் சீமோனும் யூதாவும். பட்டியலில் திருத்தூதர் வரிசையின் கடைசி இரண்டு பேர்.

சூசையப்பர் பெயர் அந்த மன்றாட்டில் ஆதியிலிருந்தே இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை. நூற்றாண்டுக் கணக்கில் ஒரு பெயர்கூட ஏறாத பட்டியல் அது. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் முதல் அமர்வில், 1962 நவம்பரில், மோஸ்தார் ஆயர் பேட்டர் சூலே எழுந்து சூசையப்பர் பெயரைச் சேர்க்கச் சொல்லி நீளமாகப் பேசினார். யூகோஸ்லாவியக் கம்யூனிஸ்ட் அரசின் சிறையில் வருடக்கணக்கில் கிடந்து வந்தவர். பேச்சு தடுமாறியது, சபையில் முணுமுணுப்பு கிளம்பியது, தலைமையில் இருந்தவர் முடிக்கச் சொல்லிவிட்டார். திருத்தந்தை 23ஆம் யோவான் தம் அறையிலிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தாராம். அந்த ஆயர் என்ன பட்டு வந்தவர் என்று அவருக்குத் தெரியும் என்பார்கள். நவம்பர் 13 அன்று அறிவிப்பு வந்தது, சூசையப்பர் சேர்க்கப்படுகிறார் என்று. ஒரு தச்சர். 2013இல் மற்ற மூன்று மன்றாட்டுகளிலும் சேர்த்தார்கள். அதே யோவானின் உடல் இதே பேராலயத்தின் வலது பக்கத்தில், எரோணிமுஸ் பீடத்துக்கு அடியில், கண்ணாடிப் பேழையில் இருக்கிறது. இரண்டு பேரையும் பார்க்கக் கோயிலைக் குறுக்கே கடக்க வேண்டும்.

அப்புறம் பூசை. லத்தீனில். அக்கா நேராகப் பணி முடித்து வந்திருந்தார். முதல் மன்றாட்டு வரும், பட்டியலைக் கேட்டுவிட்டு ஊருக்குக் கிளம்பலாம் என்று ஆசையாகக் காத்திருந்தேன். சாமியார் மூன்றாவதை எடுத்தார். "யோசேப்" என்ற பெயர் வந்தது, அப்புறம் திருத்தூதர்கள், மறைசாட்சிகள் என்று மொத்தமாக ஒரு வரி, தாண்டிப் போய்விட்டார்.

சரி, நாமே சொல்லிக்கொள்வோம் என்று தலையைக் குனிந்து ஆரம்பித்தேன். லீனுஸ், கிளீட்டஸ், கிளமெண்ட், சிக்ஸ்துஸ், கொர்னேலியுஸ், சிப்ரியான். உதடு அசைந்திருக்க வேண்டும். லாரன்ஸ், கிரிசோகோனுஸ். அங்கே நின்றுவிட்டது. அடுத்தது என்ன? மறுபடி முதலிலிருந்து வந்தேன், மறுபடியும் அதே இடத்தில் தடங்கல்.

பக்கத்தில் கண்ணை மூடியிருந்த அக்கா, தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன், திரும்பாமலேயே சொன்னார்:

"யோவான், பவுல். நேத்து கல்யாண வீடு."